ஒற்றைக் கொம்பு

எட்டாம் வகுப்பில் நெட்டை வாயைத் திறப்பது வருகைப் பதிவுக்கு மட்டும்தான். வாசிக்கச் சொன்னால் தொண்டை கட்டியிருக்கிறது என்பாள். வருஷம் முழுக்க ஒருத்திக்குத் தொண்டை கட்டியிருக்குமா என்று யாரும் கேட்டதில்லை. தப்பிக்கவே முடியாமல் எழுந்து நிற்க நேர்ந்தால் அவளிடம் ஒரு வித்தை இருந்தது. சொல்லின் முதல் எழுத்தைப் பார்ப்பாள், மிச்சத்தை ஒப்பேற்றிவிடுவாள். பாதிக்கு மேல் சரியாகவே விழும். விழாததற்கு வகுப்பு சிரிக்கும்.

அப்படிப்பட்டவளைத்தான் தமிழ் மிஸ் எழுப்பி நிறுத்தினார். மூன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்டத் தெரியாத, கழித்தல் என்றால் முழிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்களாம். பெரிய வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கு ஒருத்தரை எடுத்துக்கொண்டு, சாப்பாட்டு இடைவேளையில் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். அதில் இவளும் உண்டாம்.

"பொறுமையான பிள்ளைங்களா பார்த்துப் பொறுக்கியிருக்கேன்," என்றார் மிஸ்.

நெட்டைக்குக் காதெல்லாம் சூடேறியது. விளையாட்டில்கூட அவளைக் கடைசியில்தான் சேர்த்துக்கொள்வார்கள். மற்றபடி அவளை யாரும் எதற்கும் பொறுக்கியதில்லை.

அவள் பங்குக்கு வந்தது வாண்டு. முன்பல் இரண்டும் போயிருந்தன, வாய் மட்டும் காதுவரைக்கும் இருந்தது. மாடிப்படிக்கு அடியில், கால் ஒடிந்த பெஞ்சுகளைப் போட்டுவைத்திருந்த அறைதான் இவர்களுடைய பள்ளிக்கூடம். முதல் நாளே வாண்டு பெட்டியைப் 'பேட்டி' என்றது, கொடியைக் 'கோடி' என்றது. நெட்டைக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. தன்னைவிட மோசமாகப் படிக்கவும் உலகத்தில் ஒரு ஜீவன் இருக்கிறதே!

ஆனால் தப்பு என்று சொன்னால் போதுமா, எது சரி என்று சொல்ல வேண்டாமா? மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போய், அண்ணன் கண்ணில் படாமல் மடியில் வைத்துப் பார்த்தாள். ஒற்றைக் கொம்பு என்றால் குட்டையாகச் சொல்ல வேண்டும், இரட்டைக் கொம்பு என்றால் நீட்ட வேண்டும். இத்தனை வருஷம் அவள் கொம்பு பக்கமே போனதில்லை, எல்லாம் குத்துமதிப்புதான். வாண்டு மறுநாள் எதில் இடறும் என்று தெரியாததால் எல்லாச் சொல்லையும் பார்க்க வேண்டியிருந்தது.

கணக்கும் அப்படித்தான். கழிக்கும்போது பக்கத்து வீட்டில் கடன் வாங்கு என்று இவளுக்குச் சொல்லிக்கொடுத்ததையே இவளும் சொன்னாள். அந்தக் கடனை எப்போது திருப்பிக் கொடுப்போம் என்று கேட்டது வாண்டு. நாளைக்குச் சொல்கிறேன் என்றாள் நெட்டை. பிறகு தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கொண்டுபோய், ஒரு கட்டைப் பிரித்துக் காட்டினாள். காட்டும்போதுதான் அவளுக்கே விளங்கியது. யாரும் கடன் வாங்கவில்லை, கட்டைத்தான் பிரிக்கிறோம்.

"டீச்சரக்கா, சூப்பர்," என்றது வாண்டு. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இஸ்திரிக் கடை வைத்திருக்கும் அப்பா, துணி கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் எம்பொண்ணு பாடம் எடுக்குது என்று அளக்க ஆரம்பித்தார். மக்கு என்று கூப்பிட்டே பழகிய அண்ணன், ஒரு வாரம் எந்தப் பெயரையும் சொல்லாமல் சமாளித்தான். நெட்டைக்கு அதுவே போதுமாக இருந்தது.

அன்றைக்குக் கிளிப் பாடம். வாண்டு வழக்கம்போல் முதல் வரியிலேயே தடுக்கி விழுந்தது. சரி, நான் படிக்கிறேன், பார்த்துக்கோ என்று நெட்டை புத்தகத்தை வாங்கினாள். முந்தின நாள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால் இந்தப் பக்கத்தை அவள் பார்த்திருக்கவில்லை. பழைய வித்தை தானாக வந்தது.

"சிறுவன் கூப்பிட்டான். கிளி தோளில் அமர்ந்தது."

"தோளில் இல்லக்கா, தொலைவில்," என்றது வாண்டு பட்டென்று. "ஒத்தக் கொம்பு."

சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டது.

நெட்டை புத்தகத்தைப் பார்த்தாள். தொலைவில்தான். பிறகு வாண்டைப் பார்த்தாள். நேற்றுவரை எந்தக் கொம்பும் தெரியாத பிள்ளை. உனக்குப் படிக்கத் தெரியுமா என்று மெதுவாகத்தான் கேட்டாள். அது விரலைச் சொடுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் மழுப்பியது. மழுப்பத் தெரிகிற வயசா அது? கொட்டிவிட்டது.

"எங்க கிளாஸ்ல நான்தான் ஃபர்ஸ்ட். அந்த அக்காவுக்குப் படிக்க வராது, நீ தப்புத் தப்பா படி, திருத்தறதுக்காகவாவது அவ எழுத்தைப் பாப்பான்னு மிஸ் சொன்னாங்க. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னாங்க." பிறகு முகம் மலர்ந்து கேட்டது: "நான் நல்லா தப்பு பண்ணேனாக்கா?"

நெட்டை புத்தகத்தை மூடினாள். பேட்டி, கோடி, அந்தக் கடன் கேள்வி எல்லாம் சொல்லிவைத்த நாடகம். அதை நம்பி அப்பா ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருக்கிறார்.

நேரே ஆசிரியர் அறைக்குப் போனாள். மிஸ் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டு அவர் கோபப்படவில்லை, சிரித்தார். பாடப் புத்தகத்தைப் பிரித்து நீட்டி, படி என்றார். நெட்டை படித்தாள். கோபத்தில் குரல் நடுங்கியதே தவிர ஓர் எழுத்து பிசகவில்லை. பாத்தியா, ரெண்டு மாசத்துக்கு முன்னாடி இது வந்திருக்குமா என்றார் மிஸ். வந்திருக்காது. அவளுக்கு அழுகை வந்ததே அதனால்தான். ஏமாற்றியது பலிக்காமல் போயிருந்தால் வாய் நிறையத் திட்டவாவது செய்திருக்கலாம்.

"அப்போ பொறுமைன்னு சொன்னீங்களே மிஸ், அது?"

மிஸ் பேனாவை மூடி வைத்தார். விடைத்தாள்களை அடுக்கத் தொடங்கினார்.

மறுநாளும் போனாள். போகாவிட்டால் வீட்டில் காரணம் சொல்ல வேண்டுமே. வாண்டு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது. இனிமேல் நிஜமாகவே படிக்கட்டுமா என்று ஆசையாகக் கேட்டுவிட்டு, மடமடவென்று படித்தது. நெட்டைக்குச் செய்ய ஒன்றுமே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எவ்வளவு அழகாகப் படிக்கிறது, சனியன்.

கடைசிப் பக்கத்தில் அது நின்றது. 'சௌகரியம்' என்ற சொல்லுக்கு அடியில் விரலை வைத்து, "செ... ள... கரியம்?" என்றது. அது தனி 'ள' இல்லை, கொம்போடு சேர்ந்த குறி. போன வாரம்தான் நெட்டை தட்டுத் தடுமாறி அதைக் கண்டுபிடித்திருந்தாள்.

"நல்லா பண்றே," என்றாள் நெட்டை.

"இல்லக்கா. இது நெஜமாவே தெரியல."

நெட்டை அதன் முகத்தை உற்றுப் பார்த்தாள். சுருங்கிய புருவம், எழுத்தை விட்டு நகராத விரல். முதல் நாள் பெட்டியைப் பேட்டி என்றபோதும் இதே முகம்தான். ஓர் இம்மியும் வித்தியாசம் இல்லை.

"மிஸ்ஸையே கேட்டுக்கோ," என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

படியேறும்போது கீழே வாண்டு தனியாக எழுத்துக் கூட்டுவது கேட்டது. செ, ள, க. தப்புதான். நெட்டை திரும்பிப் போகவில்லை.