நின்றபடி பூர்விகல்யாணி

ஸ்ரீரஞ்சனியின் முதுகில் அறுவை சிகிச்சை செய்த டாக்டர், தையல் பிரித்த அன்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். தரையில் சம்மணம் போட்டு உட்காரவே கூடாது. நாற்காலியிலும் கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். நிற்கலாம், நடக்கலாம், ஆனால் இடது காலில் மட்டும் முழு எடையையும் போடக் கூடாது.

"வாசிக்கலாமா, டாக்டர்?"

"தாராளமா வாசிங்க. உட்காராம வாசிங்க."

அவள் எதை வாசிக்கிறவள் என்று அவருக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருடங்களாகக் கிடாரை மடியில் கிடத்தி, இடது கையிலிருக்கும் எஃகு உருளையைத் தந்திகள் மேல் வழுக்கவிட்டு, கர்நாடக சங்கீதம் வாசிக்கிறவள் அவள். மடி இல்லாமல் அந்த வாத்தியமே கிடையாது.

தி.நகர் வீட்டில் இஸ்திரி மேஜைமேல் கிடாரை வைத்துப் பார்த்தாள். கமகம் கொஞ்சம் அழுத்தமாக வந்தால் மேஜையும் சேர்ந்து ஆடியது. சமையல் மேடை உயரம் போதவில்லை, குனிந்தால் முதுகு சுளீரென்றது. நான்கு மாதம் இப்படியே போனது. வாத்தியத்தை உறைக்குள் போட்டு அலமாரிமேல் ஏற்றிவிடலாம் என்றிருந்தபோதுதான் அந்த வீடியோவைப் பார்த்தாள்.

யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர், பெடல் ஸ்டீல் கிடாரை நின்றுகொண்டு வாசித்துக்கொண்டிருந்தார். அந்த வகைக் கிடாரை அதுவரை அவள் பார்த்ததெல்லாம் உட்கார்ந்து வாசிப்பவர்களிடம்தான். இரண்டு பாதங்களும் பெடல்களில், இரண்டு முழங்கால்களும் நெம்புகோல்களில். இவர் வாசித்தது மடிக் கிடாரும் பெடல் கிடாரும் சேர்ந்த கலப்பு வகை. முழங்கால் வேலையை உள்ளங்கையால் தள்ளும் சின்ன நெம்புகோல்களுக்கு மாற்றியிருந்தார். கீழே இரண்டே பெடல்கள். ஒரு காலில் நின்று மறுகாலால் மிதித்தார். ஒரு தந்தி அசையாமல் நிற்க, இன்னொன்று அதன் கீழிருந்து மெல்ல ஏறி வந்து அதனோடு சேர்ந்தது. வெறும் உருளையால் அதைச் செய்ய முடியாது; அது நகர்ந்தால் எல்லாத் தந்திகளும் சேர்ந்தே ஏறும். ஸ்ரீரஞ்சனி வீடியோவை மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டாள்.

அப்படியொன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வழியில்லை. தெரிந்தவர் ஒருவர் தமிழ்மாறனின் பெயரைச் சொன்னார். அசோக் நகரில் டூவீலர் மெக்கானிக். சனி ஞாயிறுகளில் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிடார் வாசிப்பான். அடையாறு ஆற்றங்கரை வீட்டைக் காலி செய்யச் சொல்லி, அரசாங்கம் ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்ட குடும்பம். இரண்டு பஸ் மாறித்தான் தினமும் கடைக்கு வருவான். வீடியோவைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல மேடம், பிரேக்கு மாதிரிதான். மிதிச்சா கேபிள் இழுக்கும், விட்டா ஸ்பிரிங்கு திருப்பிக்கும். பண்ணிடலாம்" என்றான்.

மூன்று மாதத்தில் பண்ணியும் விட்டான். டிரம் ஸ்டாண்டின் கால்கள், ஸ்கூட்டர் பிரேக் கேபிள், அலுமினியத் தகட்டில் வெட்டிய இரண்டு பெடல்கள். முதல் பெடல் ஒரு தந்தியை அரை சுரம் ஏற்றும், இரண்டாவது முழு சுரம். உடம்பின் எடை வலது காலில் நிற்க வேண்டும் என்பதால் பெடல்கள் இடது பக்கம் வந்தன.

கடைசியாகச் சரிபார்த்த அன்று அவன் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் கால்ல உணர்ச்சியெல்லாம் நல்லா கீதா?"

"இருக்கே. ஏன்?"

"பெடலு ஓரம் கூரா கீது. நீங்க வெறுங்கால்ல மிதிச்சிக்கினு கீறீங்க. ரப்பர் ஒட்டிடட்டா?"

"வேண்டாம் தமிழ். ரப்பர் போட்டா எவ்வளவு அழுத்தறேன்னே எனக்குத் தெரியாது."

அவள் இரண்டாவதாகச் சொன்னது உண்மை. முதலில் சொன்னது பொய். ஆபரேஷனுக்கு முன்பிருந்தே அவளுடைய இடது பாதத்தின் வெளி ஓரமும் சின்ன விரல்களும் மரத்திருந்தன. கட்டைவிரலில் மட்டும் உணர்ச்சி மிச்சமிருந்தது. தகட்டின் சில்லிப்பும் கூர்மையும் அந்த ஒரு விரலுக்குத் தெரிந்தன; அதை வைத்துத்தான் தந்தி எவ்வளவு ஏறுகிறது என்று கணக்குப் பண்ணி வாசித்தாள். உண்மையைச் சொன்னால் அவன் வேலையைப் பாதியில் நிறுத்திவிடுவான் என்று பயந்தாள்.

அடுத்த சிக்கல் கிச்சாவிடமிருந்து வந்தது. கிச்சா அவளுக்கு இருபது வருடமாக மிருதங்கம் வாசிப்பவன். மயிலாப்பூரில் ஒரு சபா மார்கழிக் கச்சேரிக்கு அவளைக் கூப்பிட்டிருந்தது. வயலின் வேண்டாம், மிருதங்கம் மட்டும் போதும் என்று அவள் முடிவு செய்திருந்தாள். ஒத்திகைக்காக வாத்தியத்தை அவன் வீட்டுக் கூடத்தில் கொண்டுபோய் நிறுத்தியபோது அவன் முகம் மாறிவிட்டது.

"என்னடி இது, தையல் மெஷினாட்டம்?"

"வாசிக்கறேன், கேளு."

"கேக்கறது இருக்கட்டும். வாத்தியத்தைக் காலால மிதிக்கப்போறியா? மேடையில நீ நின்னுண்டு மிதிப்பே, நான் உன் காலடியில உக்காந்துண்டு வாசிக்கணும். என்னால முடியாது, ரஞ்சு."

"நாடக மேடையில கால் ஹார்மோனியம் மிதிக்கலையா?"

"அது நாடகம்."

"சரி. உன் மிருதங்கம் என்ன ஆகாசத்துலயா நிக்கறது? பாதத்து மேலதானே சாச்சுண்டு வாசிக்கறே?"

கிச்சா மிருதங்கத்தை உறைக்குள் போட்டான். அன்று வாசிக்கவில்லை. இரண்டு நாள் கழித்துப் போன் செய்து, மேடையில் தனக்கு முழங்கால் உயரத்தில் ஒரு பலகை வேண்டும் என்றான். அதில் உட்கார்ந்தால் காலடியில் உட்கார்ந்ததாக ஆகாதாம். அவள் சரியென்றாள். ஒத்திகை முழுவதும் அவன் கீழே குனிந்து பார்க்கவே இல்லை.

கச்சேரி சாயங்காலம் நாலரை மணிக்கு. தி.நகரிலிருந்து இருபது நிமிட வழி. அன்றைக்கென்று லஸ் பக்கம் வண்டிகள் நகரவில்லை. ஸ்ரீரஞ்சனி காரின் பின்சீட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. இறங்கி நடக்கலாமென்றால், சாலையெல்லாம் பள்ளமும் தடுப்பும். சபா வாசலில் அவள் இறங்கியபோது மணி நாலே கால். இடது கால் தரையில் பட்டது அவளுக்குத் தெரியவில்லை.

ஒப்பனை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கட்டைவிரலைக் கிள்ளிப் பார்த்தாள். நகம் பதிய அழுத்தினாள். யாருடைய விரலையோ கிள்ளுவது போலிருந்தது.

கதவைத் தட்டி, "மேடம், ரெடியா? கேபிளெல்லாம் செக் பண்ட்டேன்" என்றான் தமிழ்மாறன்.

அப்போது சொல்லியிருக்கலாம். பெடலே இல்லாமல் வெறும் உருளையை வைத்து வாசிக்கிறேன் என்று கிச்சாவிடமாவது சொல்லியிருக்கலாம். "வந்துட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

அரங்கில் நூற்றைம்பது பேர் இருப்பார்கள். திரை விலகியதும் முன்வரிசையில் ஒரு சலசலப்பு. நிற்கிற பெண்ணையும் பலகைமேல் உட்கார்ந்திருந்த கிச்சாவையும் மாறி மாறிப் பார்த்தார்கள். முதல் இரண்டு உருப்படிகளைப் பெடலைத் தொடாமல் வாசித்தாள். கைதட்டல் வந்தது. மூன்றாவதாகப் பூர்விகல்யாணி ஆலாபனை. அதைப் பெடல் இல்லாமல் வாசிப்பதென்றால் இத்தனை மாதம் இத்தனை பேரைப் படுத்தியதற்கு அர்த்தமே இல்லை என்று தோன்றியது. இடது காலைத் தூக்கி முதல் பெடல்மேல் வைத்தாள். வைத்ததாக நினைத்தாள்.

பஞ்சமத்தில் ஒரு தந்தி நின்றது. மத்யமத்திலிருந்து இன்னொன்று ஏறி வந்து அதைத் தொட வேண்டும். மிதித்தாள். தந்தி பாதி தூரம் ஏறி அந்தரத்தில் தொங்கியது. இன்னும் அழுத்தினாள். பஞ்சமத்தைத் தாண்டிக் கிறீச்சிட்டது. மூன்றாம் வரிசையில் தலையாட்டிக்கொண்டிருந்த ஒருவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

கீழே பார்த்தால் கால் எங்கே இருக்கிறது என்று தெரியும். ஆனால் கண்ணை எடுத்தால் உருளை நிற்கிற இடம் தவறிவிடும். இந்தக் கிடாரில் விரலுக்குத் தடம் சொல்ல ஒன்றுமில்லை, கண்தான் எல்லாம். உருளையைப் பார்த்தபடியே காலை நகர்த்தினாள். எந்தப் பக்கம் நகர்ந்தது என்று புரியவில்லை. மறுபடி மிதித்தாள். கால் வழுக்கியது. ஏன் வழுக்குகிறது என்றும் புரியவில்லை.

"ரஞ்சு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டான் கிச்சா.

அபஸ்வரத்துக்குத் திட்டுகிறான் என்று நினைத்தாள். திரும்பவில்லை.

அப்போது கிச்சா, இருபது வருடத்தில் ஒரு நாளும் செய்யாத ஒன்றைச் செய்தான். மிருதங்கத்துக்கு வேலையே இல்லாத ஆலாபனை நடுவில் ஓங்கி ஒரு அடி கொடுத்தான். அரங்கமே அவனைத் திரும்பிப் பார்த்தது. ஸ்ரீரஞ்சனியும் பார்த்தாள். அவன் கண்கள் அவளுடைய காலில் இருந்தன.

அவள் குனிந்து பார்த்தாள். கட்டைவிரலின் பக்கவாட்டில் சதை கிழிந்திருந்தது. அலுமினியத் தகடு முழுக்க ரத்தம். ஜமக்காளத்திலும் உள்ளங்கை அளவுக்கு நனைந்திருந்தது. ரத்தத்தைப் பார்த்து அவள் பயப்படவில்லை. துளிகூட வலிக்கவில்லையே என்றுதான் பயந்தாள்.

உருளையைத் தந்தியிலிருந்து எடுத்தாள். சுருதிப் பெட்டி மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது. தமிழ்மாறன் பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து ஓடிவந்தான். மேடை ஓரத்தில் நின்று செருப்பைக் கழற்றிவிட்டு வந்து மண்டியிட்டான்.

"இன்னா மேடம் இது? கேட்டேனே அன்னிக்கு. உணர்ச்சி கீதான்னு கேட்டேனே!"

"பொய் சொன்னேன் தமிழ். அன்னிக்கே இல்லை. சொன்னா செஞ்சு குடுக்க மாட்டீங்கன்னு மறைச்சுட்டேன்."

மைக் திறந்திருந்தது. அவள் சொன்னது கடைசி வரிசைவரை கேட்டது.

தமிழ்மாறன் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். பிறகு தோளில் கிடந்த துண்டைக் கிழித்து விரலைச் சுற்றிக் கட்டினான். எதிர்ப்பக்கம் சபா காரியதரிசி சாருலதா, திரையை இழுக்கும்படி ஆளுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார்.

"மாமி, திரையைத் தொடாதேங்கோ" என்றான் கிச்சா. அவளிடம் திரும்பினான். "வாசிக்கணுமா, வேண்டாமா? நீ சொல்லு."

"வாசிக்கணும். ஆனா காலைப் பாத்தா கையைப் பாக்க முடியலை கிச்சா."

"காலை நான் பாத்துக்கறேன். நீ கையைப் பாரு."

அவனும் தமிழ்மாறனுமாகப் பலகையை இழுத்து அவளை ஒட்டினாற்போல் போட்டார்கள். தமிழ்மாறன் பெடலைத் துடைத்து, மிச்சத் துண்டை அதன் ஓரத்தில் சுற்றி முடிச்சுப் போட்டான். கிச்சா தன் மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு, மிருதங்கத்தின்மேல் முழங்கையை ஊன்றி, குனிந்து உட்கார்ந்தான்.

ஸ்ரீரஞ்சனி உருளையைத் தந்தியில் வைத்தாள்.

"கொஞ்சம் வலது பக்கம்" என்றான் மெதுவாக. "இன்னும். போறும். இப்ப மிதி."

மிதித்தாள். தந்தி ஏறத் தொடங்கியது. கால் சொல்லாததைக் காது சொல்லும்வரை காத்திருந்தாள். அவசரப்படாமல், நூல் பிடித்தாற்போல் ஏற்றினாள். மத்யமம் மெல்ல நகர்ந்து பஞ்சமத்தின் பக்கத்தில் வந்து, ஒரு கணம் உரசி, அதோடு ஒன்றானது. இரண்டு தந்திகள் ஒரே குரலாக நின்றன.

"அப்படியே வெச்சுக்கோ" என்றான் கிச்சா.

எல்லா இடமும் சரியாக வரவில்லை. இரண்டு முறை கால் பெடலைவிட்டு இறங்கியது. இரண்டு முறையும் அவன் சொன்னான். தனி ஆவர்த்தனத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டான். மங்களம் முடிந்தபோது கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. ஆனால் கால்வாசிப் பேர் நடுவிலேயே எழுந்து போயிருந்தார்கள். சாருலதா பொன்னாடை போர்த்தும்போது, "அடுத்த வருஷம் உடம்பைப் பாத்துண்டு வாங்கோ" என்றார். அது அழைப்பா, வேண்டாம் என்பதா என்று தெரியவில்லை.

விரலில் ஐந்து தையல். முதுகு டாக்டர் திட்டித் தீர்த்துவிட்டு, மூன்று வாரம் நிற்கவும் வேண்டாம் என்றார். கட்டைவிரலில் கொஞ்சம் உணர்ச்சி திரும்பியது. மற்ற விரல்களைப் பற்றி அவர் உறுதி எதுவும் தரவில்லை.

தமிழ்மாறன் போனை எடுக்கவில்லை. நான்காவது வாரம் அவளே அசோக் நகருக்குப் போனாள். அவன் ஒரு ஸ்கூட்டரின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"கோவமா?"

"கோவமில்ல மேடம். மூணு நாள் தூக்கம் வரல. எங்கையால செஞ்ச சாமான் உங்க காலை அறுத்துகினு இருக்குது, நான் ஓரமா நின்னு பாட்டு கேட்டுகினு இருக்கறேன்."

"நீங்க கேட்டீங்க. நான்தான் சொல்லலை. தப்பு என்னுது."

அவன் சக்கரத்தைக் கீழே வைத்தான். "மறுபடி பண்ணணும்னா எல்லாத்தையும் சொல்லணும். எந்த விரல், எவ்ளோ நேரம் நிப்பீங்க, எங்க வலிக்கும், அல்லாம். இல்லன்னா நான் தொடமாட்டேன்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு, அட்டைப் பெட்டி ஒன்றைக் கிழித்து எழுத எடுத்துக்கொண்டான். அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

பெடல்களை வலது பக்கம் மாற்றினான். எடை ஒரே காலில் விழாமலிருக்க, இடுப்பைச் சாய்த்து நிற்கப் பஞ்சு வைத்த ஒரு கம்பியைப் பின்னால் பொருத்தினான். இரண்டு மாதம் ஆனது. வலது கால் எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. இடது கால் கெட்டிக்காரத்தனமாகச் செய்ததை இது முரட்டுத்தனமாகச் செய்தது.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிச்சா மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு தி.நகருக்கு வந்தான். பலகை எதுவும் கேட்கவில்லை. பாயை விரித்துத் தரையில் உட்கார்ந்தான்.

பூர்விகல்யாணியில் அதே இடம். தந்தி பஞ்சமத்துக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது.

"இன்னும் வரலை" என்றாள் அவள்.

"கேட்டுண்டுதான் இருக்கேன். மறுபடியும் எடு."

எடுத்தாள்.