சொந்தப் பசை

கணேசமூர்த்தி வாத்தியார் முதல் நாள் வகுப்புக்கு வந்ததும் தன் பெயரைக்கூடச் சொல்லவில்லை. கரும்பலகையை மேலிருந்து கீழ்வரை நிபந்தனைகளால் நிரப்பினார். கை கழுவிவிட்டு உட்கார வேண்டும். தூரிகை, கத்தரிக்கோல், பசை மூன்றையும் அவரவர் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும், இரவல் பேச்சே கூடாது. வரைவதையும் வெட்டுவதையும் வீட்டில் செய்யலாம். ஒட்டுவது மட்டும் அவர் கண் முன்னால். சைக்கிளில் போகிறவன் இறங்காமல் படிக்க முடியாத சுவரொட்டி அவருக்குக் குப்பை. வெள்ளிக்கிழமை மணி அடித்த பிறகு வருவதும் குப்பை. எழுதி முடித்து, கையைத் தட்டிக்கொண்டு, பிடிக்காதவர்கள் இப்போதே எழுந்து போகலாம் என்றார்.

மலாக்கா டவுனில் அந்தப் பள்ளிக்கூடத்தில் அதுவரை படம் வரைவதென்றால் வாழைப்பழமும் கூஜாவும்தான். சுவரொட்டி, கடைப்பலகை, விளம்பரம் என்று பிழைப்புக்கு உதவும் வகுப்பு ஒன்று மத்தியானத்துக்கு மேல் நடக்கும் என்றதும் பெரிய கூட்டமே வந்து உட்கார்ந்தது. நிபந்தனைகளைப் பார்த்ததும் அதில் பாதி நைசாகக் கழன்றுகொண்டது. கமலவேணி போகவில்லை. பதினேழு வயது. அவள் விரல்கள் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. பேசிக்கொண்டிருக்கும்போதே பாவாடை மடிப்பில் எழுத்து வரைந்துகொண்டிருப்பாள்.

அவள் உட்கார்ந்ததற்குக் காரணம் இருந்தது. டவுனில் அச்சகம் ஒன்றுக்கு எழுத்து வரைய ஆள் வேண்டியிருந்தது. வகுப்பிலிருந்து ஒரே ஒருவரை வாத்தியார் அனுப்புவதாகப் பேச்சு. அது தவறினால் அவளுக்கு இன்னொரு வேலை தயாராகவே காத்திருந்தது. புக்கிட் காத்தில் என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால்மரம் சீவும் அவள் அம்மா பெத்தம்மாள், ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியிடம் மகள் பேரைச் சொல்லி வைத்துவிட்டாள். படிப்பு முடிந்த மறுமாதமே கையில் வெட்டுக்கத்தி. 

ஐம்பத்திரண்டாம் வருஷம் அது, காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரன் மலாயாவில் போட்ட அவசரகாலம். தோட்டத்துத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்து, விடியற்காலையில் ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்துத்தான் வேலைக்கு அனுப்பினார்கள். காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்விடுமாம். அரிசி போகக்கூடாது, சோறு போகக்கூடாது, கஞ்சி போகக்கூடாது. முன்பெல்லாம் வேலைக்கு நடுவில் மரத்தடியில் உட்கார்ந்து கஞ்சி குடித்தவர்கள், இப்போது வெறும் கோப்பியைக் குடித்துவிட்டுப் போய், பாலை நிறுத்துப் போட்டுத் திரும்பும்வரை பட்டினி. பெத்தம்மாள் ஓரிரு தடவை மரத்தைப் பிடித்துக்கொண்டே மயங்கிச் சரிந்திருக்கிறாள். காட்டில் இருந்தவன் சாப்பிட்டானோ இல்லையோ, சட்டம் போட்ட மகராசன்கள் வேளை தவறாமல் சாப்பிட்டார்கள்.

வாத்தியார் கொடுத்த தலைப்பும் இதுவேதான். வேலியைத் தாண்டி உணவு போகக்கூடாது என்று தகவல் இலாகாவுக்கு ஒரு சுவரொட்டி. நன்றாக இருப்பதை அச்சடித்து ஒவ்வொரு தோட்டத்துக் கேட்டிலும் ஒட்டுவார்கள். கமலவேணி எழுந்து, வேறு தலைப்பு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். வாத்தியாருக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. கரும்பலகையில் இடம் தேடி இன்னொரு நிபந்தனையைச் சேர்த்துவிட்டு, அதை வாயாலும் சொன்னார்.

"வார்த்தை யாரோடதுன்னு கேக்காதே. எழுத்து உன்னோடது. அத மட்டும் பாரு."

அதை மட்டும் பார்க்க அவள் படாத பாடு பட்டாள். டவுன் பிள்ளைகள் நகமும் பல்லும் வைத்துப் பூதம்போலக் கொள்ளைக்காரர்களை வரைந்தார்கள். ஜவுளிக்கடைக்காரர் மகன் தனபாலன் ரத்தத்தைக்கூடச் சொட்டவிட்டான். கமலவேணி கறுப்புத் தாளில் மூடிய கை ஒன்றை வெட்டினாள். அதன் கீழே, 'ஒரு பிடியும் வெளியே போகாது' என்று சிவப்புத் தாளில் பெரிய எழுத்துகள். வெட்டிய எழுத்துகளை லயத்து வீட்டுத் தரையில் பரப்பி வைத்து, எட்டி நின்று பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததே அவளை நிம்மதியாக இருக்கவிடவில்லை. அம்மா வருகிற சத்தம் கேட்டதும் எல்லாவற்றையும் வாரி, தாளோடு சுருட்டி வைத்தாள். பெத்தம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதுகூட அப்போது அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

பசை விஷயம் வேறு இருந்தது. டவுன் பிள்ளைகளுக்குக் கடையில் கோந்து பாட்டில். தோட்டத்தில் சாமி படம் ஒட்டினாலும் சரி, காற்றாடி ஒட்டினாலும் சரி, சோற்றைக் குழைத்துக் காய்ச்சிய பசைதான். பூச்சி அரிக்காமல் இருக்கத் துளி மயில்துத்தம் போடுவார்கள். பசை லேசாக நீலம் பாரிக்கும், வாயில் வைக்க முடியாது. கமலவேணியும் அப்படியே காய்ச்சி, மூடி போட்ட டப்பாவில் அடைத்தாள். அது சோறு என்பது அவள் மண்டையில் ஏறவே இல்லை. பசையைப் பசை என்று பழகிய ஊர்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை, வேலைக்குப் போகும் பெண்களின் வரிசையில் அம்மாவுக்குப் பின்னால் அவளும் பஸ்ஸுக்காக நின்றாள். பெண்களைச் சோதிப்பது அதே லயத்து இருசம்மாள். கம்பெனி அவளுக்கு அந்த வேலையைக் கொடுத்ததிலிருந்து யாரும் அவளோடு முகம்கொடுத்துப் பேசுவதில்லை. அவள் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடப்போனாள். அதற்குள் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் வீரப்பன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

"அரிசிதானே இது? மாக்கான் எதுவும் தா போலே." சாப்பாடு எதுவும் கூடாது என்பதை மலாயில் அதட்டினான்.

கமலவேணி, அண்ணே, இது பசை, துத்தம் போட்டது, யாரும் சாப்பிட முடியாது என்றாள். சாமர்த்தியமாகப் பேசுவதாக நினைப்பு. வீரப்பன் முகம் மாறிவிட்டது. சாப்பிட முடியாத சோறு என்றால் விஷச் சோறு. யாருக்கு விஷம் வைக்கப் போகிறாய், ஜீப் வரட்டும், ஐயாவிடம் சொல் என்று அவளை ஓரமாக நிற்கச் சொன்னான். ஜீப் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? டவுனுக்குப் போகிற ஒரே பஸ் போய்விடும், மணி அடித்துவிடும், பசை இல்லாமல் போனால் இரவலும் கிடையாது.  அவள் சுருளைப் பிரித்து, கறுப்புக் கையையும் சிவப்பு எழுத்துகளையும் கேட் விளக்கின் கீழே விரித்து, இது கவர்மெண்டு வேலை என்றாள்.

வீரப்பன் குனிந்து, எழுத்துக்கூட்டி, வரிசை முழுவதும் கேட்கும்படி உரக்கப் படித்தான். படித்து முடித்ததும் அவனுக்கு ஒரே சந்தோஷம். தங்கச்சி நம்ம ஆளு என்று அவனே டப்பாவை எடுத்து அவள் கையில் கொடுத்தான். அந்தத் தோட்டத்துக் கேட்டை அன்றைக்குத் தாண்டிய சோறு அது ஒன்றுதான்.  பெத்தம்மாள் திரும்பிக்கூடப் பார்க்காமல் இருட்டுக்குள் நடந்தாள்.

வகுப்பில் கமலவேணி ஓர் எழுத்தும் கோணாமல் ஒட்டினாள், அந்த மட்டில் அவளுக்குச் சந்தோஷம். வாத்தியார் எல்லாச் சுவரொட்டிகளையும் வராந்தாவில் சாத்தி, தெருவில் தானே சைக்கிளில் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து அவளுடையதை எடுத்து, இவள்தான் அச்சகத்துக்குப் போகிறாள் என்றார். அங்கே முதலாளி ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றார். போலீஸ் அனுமதியில் நடக்கிற அச்சகம், கேஸ் கீஸ் என்று ஏதாவது வந்தால் அன்றோடு சரி என்றும் சொல்லிவைத்தார்.

சேதியைக் கேட்டு பெத்தம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள். அடுப்பைத் தள்ளிவிட்டு, விளக்கைத் துடைத்து, பாயைப் போட்டுவிட்டு, கடைசியில் சொன்னாள்.

"டப்பாவத்தான் விட்டுட்டானே. நாளைக்குத் துத்தம் போடாம காய்ச்சு."

 வேலை போகும், ஜெயில்கூட வரும் என்று கமலவேணி படபடவென்று சொன்னாள்.  காலையில் அவள் எழுந்தபோது, பெத்தம்மாள் வாசலில் உட்கார்ந்து வெறும் கோப்பியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கமலவேணி கஞ்சியை உப்பும் வெங்காயமும் போட்டுக் கெட்டியாகக் கரைத்து டப்பாவில் ஊற்றினாள்.

அதன் பிறகு தினமும் அதே கதைதான். வீரப்பன், டப்பாவில் அச்சகத்துக்குப் பசை என்ற நினைப்பில், போஸ்டர்காரி வந்தாச்சு என்று கை காட்டி விடுவான். இருசம்மாள் மூடியைத் திறப்பாள், வெங்காய வாசனை வரும், மூடிவிடுவாள். பஸ்ஸுக்குப் போகும் வழியில் வேலிக்கு வெளியே இருக்கும் மரவரிசையில் பெத்தம்மாள் நின்றுகொண்டே மடக் மடக்கென்று குடிப்பாள். கமலவேணி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். லாரி சத்தம் கேட்டாலும் ஜீப், மாட்டுவண்டி கடகடத்தாலும் ஜீப். அச்சகத்தில் எழுத்து வரையும்போதுகூட வாசலில் நிழல் விழுந்தால் தூரிகை இழுத்துவிடும். அம்மாவின் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஊறியது. அதைப் பார்க்கும்போது மட்டும் நெஞ்சு லேசாகும்.

மாத முடிவு நெருங்கிய ஒரு விடியற்காலை, கேட்டருகே ஜீப் நின்றுகொண்டிருந்தது. உள்ளே வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். வீரப்பன் கையில் புதிதாக அச்சடித்த தாள்கட்டு. மேல்தாளில் கறுப்புக் கையும் சிவப்பு எழுத்தும் இருட்டிலேயே பளிச்சென்று தெரிந்தன.

"தங்கச்சி, உன் போஸ்டர் வந்துருச்சு. நீயே ஒட்டு லா, ஐயா பாக்கட்டும். பசைதான் கையிலயே வச்சிருக்கியே."

இருசம்மாள் டப்பாவைத் திறக்கவே இல்லை. சோதித்தாகிவிட்டது என்று முனகிக்கொண்டே ஜீப்புக்கும் கமலவேணிக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள். கமலவேணி கேட் கம்பத்தின் பலகைக்குப் பக்கத்தில் போய், உடம்பால் மறைத்து, மூடியைத் திறந்தாள். வெங்காயத்தை விரலால் ஒதுக்கி, மேலாகக் கொஞ்சம் தொட்டு, பலகையின் நாலு மூலையிலும் தடவினாள். மிச்சம் இருந்தால் அம்மாவுக்கு ஆகுமே என்றுதான். தாளை வைத்து அழுத்தினாள். கையை எடுத்ததும் ஒரு பக்கம் உரிந்து தொங்கியது.

வீரப்பன், என்ன பசை இது என்று கேட்டுக்கொண்டே நெருங்கினான். அதிகாரி ஜீப்பிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தார்.  வரிசையிலிருந்து பெத்தம்மாளின் குரல், வீட்டில் அதட்டுவதுபோல, எல்லோருக்கும் கேட்கும்படி வந்தது.

"ஓரம் தூக்குதுடி. பசைக்கு என்னா பஞ்சம்? முழுசையும் அள்ளிப் பூசு."

கமலவேணி டப்பாவைக் கவிழ்த்தாள். கை நிறைய வாரிப் பலகை முழுவதும் பூசி, டப்பாவின் அடியையும் வழித்துத் தடவி, தன் தாளை அதன்மேல் வைத்து உள்ளங்கையால் தேய்த்தாள். இந்தத் தடவை ஒட்டிக்கொண்டது. அதிகாரி திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு மறுபடி உள்ளே சாய்ந்தார். பெத்தம்மாள் வாளியை எடுத்துக்கொண்டு, இருசம்மாள் தடவிப் பார்ப்பதற்காக இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள்.