மனசுக்குள்ளே படிக்கவும்

1

இந்தக் கதை எனக்கு எங்கே கிடைத்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்கள் கேட்பீர்கள், நான் மழுப்புவேன், இருவருக்கும் வேண்டாத வேலை.

ஒரு பழைய கோட்டுக்கு ஜிப் மாற்றக் கொண்டுபோயிருந்தேன். துணி திருத்தித் தருகிற சின்னக் கடை. மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த பெண், என் கோட்டைத் திரும்பியும் பார்க்காமல், ஒரு சாண் நீளம்கூட இல்லாத காலுறைகளில் வெள்ளை நாடாத் துண்டு வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"இத்தனூண்டு சாக்ஸ்லயா பேர் தைக்கிறீங்க?"

"பொண்ணு கோடை முகாமுக்குப் போறா. எல்லாத்துலயும் பேர் இருக்கணுமாம்."

நடந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் நானாகக் கட்டியது.

(இல்லை. 'மற்றதெல்லாம்' என்று எழுதியது பொய். ஒன்றை மறைக்கிறேன். அதைச் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை, கொஞ்சம் பொறுங்கள்.)

2

முதல் தொடக்கம்: 'கோடை விடுமுறை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு மாலைப் பொழுதில்...' அடித்துவிட்டேன். கோடை விடுமுறைக்கு நெருங்குவதைத் தவிர வேறு என்ன வேலை?

இரண்டாவது: 'தையல்காரிக்கு ஒரு மகள், அந்த மகளுக்கு ஒரு ரகசிய—' இதையும் அடித்துவிட்டேன். ரகசியம் ரகசியம் என்று நானே கூவினால் அப்புறம் அது என்ன ரகசியம்?

மூன்றாவதில் நிற்கிறேன். சாப்பாட்டு மேசை. அதன்மேல் ஐந்து முகாம்களின் விளம்பரத் தாள்கள். சுற்றிலும் மூன்று பேர்: தையல்காரி, லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன், ஒன்பது வயது மகள். மகளை வீட்டில் 'மேனேஜர்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஏன் என்று இரண்டு நிமிடத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

"ரோபோ செய்யச் சொல்லித் தராங்களாம், பாரேன்," என்றான் அப்பா. அவனுக்கே போக ஆசை, பாவம்.

"ஓவிய முகாம் அடுத்த தெருதான். நாலு மணிக்கு வீட்டுக்கு வந்துடலாம்," என்றாள் அம்மா.

மேனேஜர் நான்கு தாள்களைச் சீட்டு அடுக்குவதுபோல் அடுக்கி அம்மா பக்கம் தள்ளிவிட்டாள். ஐந்தாவதைத் தன் முன்னால் வைத்துக்கொண்டாள். ஏரிக்கரை முகாம். ஒன்பது நாள். படகு, நீச்சல், ஓர் அறைக்கு எட்டுப் பிள்ளைகள்.

"அங்கேயே தங்கணும்டி," என்றாள் அம்மா.

"தெரியும். தங்குறதுக்குத்தானே போறாங்க."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா ரோபோவைப் பார்த்தான். அந்த மேசையில் மூவருக்கும் தெரிந்த, ஆனால் யாரும் வாயைத் திறந்து சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. மேனேஜருக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் தூக்கத்தில் படுக்கை நனைந்துவிடும். மருத்துவர், "வளர வளரத் தானா சரியாயிடும், திட்டாதீங்க," என்றிருந்தார். இவர்கள் திட்டியதும் இல்லை. ஆனால் திட்டாத வீடு வேறு, எட்டுப் பிள்ளைகள் படுக்கிற அறை வேறு.

"அடுத்த வருஷம் போலாமே, கண்ணு," என்றான் அப்பா.

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க. ரெண்டு பிறந்தநாளுக்கு ஃப்ரெண்டு வீட்டுல தங்கக் கூப்பிட்டாங்க, ரெண்டு தடவையும் காய்ச்சல்னு சொன்னேன். எனக்குப் பொய்க் காய்ச்சல் வந்து வந்து அலுத்துப்போச்சு."

இதற்கு மேல் எந்தப் பெற்றோரால் என்ன சொல்ல முடியும்? நானே எழுதிய குழந்தை. என்னாலேயே பதில் சொல்ல முடியவில்லை.

3

படிவம் வந்தது. ஒவ்வாமை, தடுப்பூசி, நீச்சல் தெரியுமா, அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும். கடைசியில் ஒரு கட்டம்: 'உங்கள் குழந்தையைப் பற்றி நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதேனும்?' கீழே நான்கு கோடு.

தையல்காரி முகாமுக்குத் தொலைபேசியில் பேசிப் பார்த்தாள். "எதுவா இருந்தாலும் அந்தக் கட்டத்துல எழுதி உறையில போட்டு ஒட்டிடுங்க, நாங்க பார்த்துக்கறோம்," என்றது ஒரு குரல். யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்கள்.

மேனேஜர் கடைக்கே வந்துவிட்டாள். அம்மா ஒரு பாவாடையின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள். வாய் நிறையக் குண்டூசி.

"அந்தக் கட்டத்துல நீ அதை எழுதக் கூடாது. சரியா?"

அம்மா தலையை ஆட்டினாள்.

"சத்தியமா?"

மறுபடியும் ஆட்டினாள்.

(இந்தத் தலையாட்டலை மறந்துவிடாதீர்கள். பின்னால் வழக்கு வரும்.)

4

எழுதக் கூடாது என்றால் என்ன செய்வது? தைக்கத் தெரிந்தவள் தைத்தாள். ஒரே துணியில், நீல நிறத்தில் சின்னச் சின்ன வெள்ளைக் குடை போட்ட துணியில், மூன்று இரவு உடைகள். மூன்றும் ஒன்றேபோல. ஒன்று நனைந்தால் அடுத்தது. பார்க்கிறவர்களுக்கு இவள் நேற்றுப் போட்டதையேதான் போட்டிருக்கிறாள். தூங்கும் பையின் உள்ளே தண்ணீர் இறங்காத ஒரு விரிப்பை வைத்து நான்கு பக்கமும் பொத்தான். கால் பக்கம் ஒரு மறைவுப் பை. மாற்று உடை அதற்குள்.

ஞாயிற்றுக்கிழமை நண்பகல் ஒத்திகை நடந்தது. கூடத்தின் நடுவே தூங்கும் பை. உள்ளே மேனேஜர், தலை மட்டும் வெளியே. அப்பா கையில் கைப்பேசிக் கடிகாரம்.

"ரெடியா? ஆரம்பி!"

பை குலுங்கியது, புரண்டது, சோபாவின் காலில் முட்டியது. உள்ளேயிருந்து, "அம்மா, கை எங்க இருக்கு?" என்று ஒரு கத்தல்.

"உன் கை உன்கிட்டதான்டி இருக்கும்!"

முதல் தடவை இரண்டு நிமிடம். ஏழாவது தடவை நாற்பத்தொரு விநாடி. "ஆறாவது மாடிக்கு லிஃப்ட் வர்றதுக்குள்ள டிரஸ் மாத்திட்டா என் பொண்ணு," என்று அப்பா கைதட்டினான். மூவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அவர்கள் வீட்டில் அந்த விஷயத்தைப் பற்றிச் சிரித்தது அதுதான் முதல் முறை.

(இதைச் சரிபார்க்க நானும் ஒரு தூங்கும் பைக்குள் நுழைந்து முயன்றேன். நான்கு நிமிடம் ஆனது, கழுத்து பிடித்துக்கொண்டது. ஒன்பது வயதில் உடம்பு வளைகிற வளைவே வேறு.)

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தினேன். பால்கனிக்குப் போனேன், வந்தேன், மறுபடியும் போனேன். கதை மிகவும் ஒழுங்காகப் போகிறது, அதுதான் உறுத்துகிறது. இத்தனை சாமர்த்தியசாலியை நான் நம்பவில்லை. கைத்தொழில் தெரிந்தவர்கள் தவறினால் அந்தத் தொழிலிலேயேதான் தவறுவார்கள். தேடிப் பார்த்தேன். கிடைத்தது.

5

கிளம்புகிற நாள் காலை. ஒன்பதரைக்குப் பள்ளி மைதானத்தில் பேருந்து. எட்டு ஐம்பதுக்கு மேனேஜர் தன் பையைக் கடைசியாகச் சரிபார்த்தாள். சரிபார்க்காமல் இருந்தால் அவள் மேனேஜரே இல்லை.

"அம்மா, இது என்னது? என் பேருக்குப் பக்கத்துல 'மூணு, கோடு, ரெண்டு'ன்னு தச்சிருக்கு?"

தையல்காரி வந்து பார்த்தாள். குடை போட்ட இரவு உடையின் கழுத்துப் பட்டியில் நாடா, அதில் பெயர், பெயரை அடுத்து 3-2. அடுத்ததை விரித்தாள்: 3-1. அதற்கும் அடுத்தது: 3-3.

கடைப் பழக்கம். ஒருவர் மூன்று கால்சட்டை கொண்டுவந்து கொடுத்தால் ஒன்றும் தவறிப்போகக் கூடாது என்று ஒவ்வொன்றிலும் இப்படித்தான் குறிப்பாள்: மொத்தம் மூன்று, அதில் இது இரண்டாவது. பதினாறு வருடமாகக் கை அதைத் தானாகச் செய்கிறது. காலுறையில்கூட 12-7 என்று இருந்தது. காலுறையைப் பற்றி யாருக்குக் கவலை? ஆனால் இதைப் பார்க்கிற எந்தப் பிள்ளையும் கேட்கும்: "ஒரே மாதிரி எதுக்கு மூணு?"

"அய்யோ, நான் ஒரு மண்டு!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டு கத்தரியை எடுத்தாள். முதல் நாடாவைப் பிரித்தாள். இரண்டாவதைப் பிரித்தாள். மணி ஒன்பது. கீழே அப்பா வண்டியைக் கிளப்பி ஹாரன் அடித்தான். மூன்றாவதில் அவசரப்பட்டாள். கத்தரி முனை துணிக்குள் இறங்கிவிட்டது. கழுத்துக்குக் கீழே ஒரு சோளமணி அளவு ஓட்டை.

இனி மூன்றும் ஒன்றேபோல இல்லை.

தையல்காரி அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கத்தரியை வைத்துவிட்டு உறையிலிருந்து படிவத்தை எடுத்தாள். பேனாவைத் திறந்தாள்.

"அம்மா! தலையாட்டினியே!"

"வாயில குண்டூசி இருந்துச்சுடி. வேற என்ன பண்ணுவேன்?"

"அது ஏமாத்து வேலை."

"ஆமா, ஏமாத்து வேலைதான்." தையல்காரி தரையில் உட்கார்ந்து மகளின் உயரத்துக்கு வந்தாள். "இங்க பாரு. நான் பார்த்துப் பார்த்துத் தச்சதே இப்படி ஆயிடுச்சு. அங்க எது எப்படி ஆகும்னு எனக்குத் தெரியலை. துணி மட்டும் பத்தாதுடி. உனக்கு அங்க ஒரு ஆள் வேணும்."

மேனேஜர் அழவில்லை. கேள்வி கேட்டாள்.

"யாரு படிப்பா?"

"அங்க இருக்கறவங்க."

"அதான், யாரு? அவங்க எப்படிப்பட்டவங்க?"

தையல்காரி சொன்ன பதில், 'கண்ணு, அவங்கெல்லாம் ரொம்ப நல்ல—'

6

முடியவில்லை. அந்த வாக்கியத்தை ஐந்து முறை எழுதி ஐந்து முறையும் அடித்தேன். ஏனென்றால் யார் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நான்தான் படித்தேன்.

மறைத்த விஷயம் இதுதான். எனக்குப் பத்தொன்பது வயதில் ஒரு கோடையில் இப்படி ஒரு முகாமில் வேலை பார்த்தேன். பிள்ளைகள் வந்து இறங்கிய மதியம், அலுவலக அறையில் நான்கு பேர் தேநீர் குடித்தபடி உறைகளைப் பிரித்துக்கொண்டிருந்தோம். ஒன்றில், கடைசிக் கட்டத்தில், பொடி எழுத்தில், ஒரு தாய் இதையே எழுதியிருந்தாள். நான் அதை வாய்விட்டுப் படித்தேன். கெட்ட எண்ணம் இல்லை. கொஞ்சம் நடித்துப் படித்தேன், அவ்வளவுதான். எல்லாரும் சிரித்தார்கள்.

திரும்பினால் வாசலில் ஒரு சிறுமி. முழங்காலில் சிராய்ப்பு. பிளாஸ்திரி கேட்க வந்திருக்கிறாள். கேட்காமலே போய்விட்டாள். மறுநாள் காலை அவள் அப்பா வந்து அழைத்துப்போனார். அந்த உறை அவளுடையதுதானா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கும் இருந்தது, இதை எழுதும்போதும் இருக்கிறது. காலுறையில் பெயர் தைத்த அந்தப் பெண்ணிடம் என் கோட்டைக் கொடுத்துவிட்டு வந்த அன்று முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

7

சரி, முடிவு. இரண்டு வைத்திருந்தேன்.

ஒன்று: ஒன்பது நாளும் படுக்கை நனையவே இல்லை. சீ! இது குழந்தைக்கு ஆறுதல் இல்லை, எனக்கு நானே எழுதிக்கொண்ட மன்னிப்பு.

இரண்டு: பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கும் அதே தொல்லை, இருவரும் சிநேகமாகிவிடுகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி ஒரு பிள்ளை பக்கத்தில் அமைந்தால்தான் இவள் தப்பிப்பாள் என்றால், அமையாவிட்டால்?

இரண்டையும் கிழித்துப் போட்டேன். தையல்காரியின் வீட்டுக்கே, அந்தக் காலைக்கே திரும்புகிறேன். கீழே ஹாரன் இன்னும் அடிக்கிறது.

8

"யாரு படிப்பான்னு எனக்குத் தெரியாதுடி," என்றாள் தையல்காரி. உண்மையைச் சொன்னாள்.

மேனேஜர் ஓட்டை விழுந்த துணியைப் பார்த்தாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டாள்.

"சரி, எழுது. ஆனா நான் சொல்றதைத்தான் எழுதணும். ஒரு வார்த்தை கூடச் சேர்க்கக் கூடாது."

"சொல்லு."

அவள் சொல்லச் சொல்ல அம்மா எழுதினாள். நான்கு கோடும் நிறைந்தது. உறையை மேனேஜரே நாக்கால் நனைத்து ஒட்டினாள். பேருந்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். கையசைக்கவில்லை, கட்டைவிரலை மட்டும் தூக்கிக் காட்டினாள். தையல்காரி பேருந்து திரும்புகிற வரை நின்றுவிட்டு, கணவன் தோளில் சாய்ந்து அழுதாள். அவன், "நாப்பத்தொரு செகண்டுடி அவ," என்று மட்டும் சொன்னான்.

9

இனி நான் இல்லை. நான் இருந்தால் என்ன செய்வேன் என்று பார்த்துவிட்டோம்.

மதியம். முகாமின் அலுவலக அறை. நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். முன்னால் தேநீர், உறைகளின் குவியல். பக்கத்தில் மூன்று பேர். கெட்டவர்கள் இல்லை, அலுத்துப்போனவர்கள். அடுத்த உறையைப் பிரிக்கிறீர்கள். கடைசிக் கட்டத்தில், பெரியவர் கையெழுத்தில் ஒரு குழந்தையின் பேச்சு:

'இதை மனசுக்குள்ளே படிக்கவும்.
எனக்குச் சில நாள் படுக்கை நனைஞ்சிடும். நானே மாத்திக்குவேன், 41 செகண்டு போதும்.
மத்தவங்க எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி என் கால் கட்டைவிரலை மெதுவா இழுங்க.
பேர் சொல்லிக் கூப்பிட வேண்டாம்.'

உங்களையறியாமல் ஒரு சின்னச் சிரிப்பு வருகிறது. எனக்கும் வந்தது.

"என்னங்க, நீங்க மட்டும் தனியா சிரிக்கிறீங்க?" என்கிறார் பக்கத்து நாற்காலிக்காரர். "எங்களுக்கும்தான் படிச்சுக் காட்டுங்களேன்."

வாசலில் யாரோ ஒரு சிறுமி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, பிளாஸ்திரி கேட்க வந்து நிற்கிறாள்.