மூன்றாவது கழுவல்

எங்கள் குளிரில் ஹீலியம் மட்டும்தான் ஓடும். மற்றதெல்லாம் கல்லாகிவிடும், காற்று உட்பட. அதனால் ஒரு குழாயைத் திறந்து மூடினால், உள்ளே புகுந்த காற்றை உறிஞ்சிவிட்டு ஹீலியத்தை நிரப்ப வேண்டும். மூன்று முறை. கழுவுவது என்போம். ஜெனீவாவுக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தத் துகள்முடுக்கியில் சேர்ந்த அன்றே தலையில் குட்டிச் சொல்லித்தருவார்கள்.

கஸ்பாருக்கும் குட்டினார்கள். என்ன பிரயோஜனம்? திங்கட்கிழமை ஹீலியம் குழாயின் வடிகட்டியை மாற்றினான். புதன்கிழமை ஹீலியம் நகரவில்லை. அது குளிர்விக்க வேண்டிய காந்தங்களின் சூடு கண்ணெதிரே ஏறிக்கொண்டிருந்தது.

"கழுவினியா?" என்றேன்.

"கழுவினேன், ஒடீல்."

"மூணு தடவை?"

திரையையே பார்த்தான். "ரெண்டு. லுடிவீன் பாவம், மணிக்கொரு தரம் போன் பண்ணிட்டே இருந்தா. அரை நாளாவது மிச்சமாகட்டுமேன்னுதான்..."

"பாவம் பார்த்தியாக்கும்! அவ தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டியேடா!"

கத்திவிட்டேன். கிறிஸ்துமஸோடு இந்த இயந்திரத்தை நிரந்தரமாக மூடுகிறார்கள். பத்து வருஷத்துக்கு மேலாக இதில் ஒரே துகளைத் தேடிக்கொண்டிருக்கிறாள் ஆராய்ச்சியாளர் லுடிவீன். தடயம் மாதிரி ஏதோ தட்டுப்பட்டிருந்தது. அது நிஜமா பிரமையா என்று தெரிய இந்தக் கடைசி நான்கு வாரம்தான் பாக்கி.

மத்தியானம் அவளே வந்தாள், வீட்டில் சுட்ட ஆப்பிள் டார்ட்டோடு.

"உங்க எல்லாருக்கும்தான். காந்தமெல்லாம் குளிர்ந்துடுச்சா?"

நானே சொன்னேன். "உள்ளே காத்து உறைஞ்சு அடைச்சுக்கிச்சும்மா. எல்லாத்தையும் சூடாக்கித்தான் எடுக்கணும். திரும்பக் குளிர ஆறு வாரம் ஆகும்."

டார்ட்டை மேஜையில் வைத்தாள். "வேற வழியே இல்லையா?"

"இல்ல."

"என் தப்புதான்," என்றான் கஸ்பார். "ஒரு கழுவலை விட்டுட்டேன். நீங்க அவ்வளவு அவசரப்பட்டீங்களே..."

"நானா?" அவனை வெறித்துப் பார்த்தாள். "வேலையில கை ஓடல, அதான் சும்மா சும்மா கேட்டுட்டே இருந்தேன். சீக்கிரம் முடிங்கன்னு சொல்லவே இல்லையே கஸ்பார். இன்னும் ஒரு நாள் ஆகும்னு சொல்லியிருந்தா, சரின்னு போனை வச்சிருப்பேனே."

கஸ்பார் கட்டளைத் திரையைத் திறந்து வைத்தான்.

அவள் போகவில்லை, சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். சூடேற்றும் கட்டளையை, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நான் கொடுத்தேன்.