ஆறாம் எண் படுக்கையறை

“அப்போ ஒட்டகச்சிவிங்கி எப்படிக் கத்துச்சு?”

“மேஏஏன்னு” என்றான் சின்னவன்.

“அது கத்தாதுடா, லூசு.” பெரியவள் மேசைக்கடியில் அவன் தொடையைக் கிள்ளினாள். “கூட்டமா இருந்துச்சும்மா. எங்களுக்குக் கேக்கல.”

“ஏன்டி, கத்தாதுன்னும் நீயே சொல்ற, கேக்கலன்னும் நீயே சொல்ற?”

அவள் தட்டைப் பார்த்தாள். ஒன்பது வயது. பொய் சொன்னால் மூக்கு நுனி வியர்க்கும். சின்னவனுக்கு ஐந்து, பொய் சொல்லவே வராது, அதனால்தான் கிள்ளு.

நான் எழுந்து போய் வாசலில் கிடந்த செருப்புகளைத் திருப்பிப் பார்த்தேன். பள்ளி விடுமுறை தொடங்கி ஏழு நாள். ஏழு நாளும் ஊர் சுற்றிய பிள்ளைகளின் செருப்படியில் பொட்டு மண் இல்லை.

சுவரில் என் பட்டியல் ஒட்டியிருந்தது. பதினைந்து நாள், பதினைந்து இடம். மிருகக்காட்சி சாலை, ரயில் அருங்காட்சியகம், படகுத்துறை, விமானம் இறங்குவதை நின்று பார்க்கலாம் என்று யாரோ சொன்ன மேம்பாலம். என் சின்ன வயது விடுமுறைகளெல்லாம் வெளியே பூட்டிய ஓர் அறையில் கழிந்தன. சாவித் துவாரத்தில் தெரிந்த மாடிப்படிதான் நான் பார்த்த ஊர். என் பிள்ளைகளுக்கு அது வேண்டாம் என்றுதான் பட்டியல். ரொட்டித் தொழிற்சாலையில் என் வீட்டுக்காரருக்கு இரவு வேலை. பகலில் பிள்ளைகளோடு இருக்கலாம். ராத்திரி நான் வீட்டில் இருக்க, ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பகல் ஷிப்ட் கேட்டு வாங்கினேன். அதற்காக இரண்டு மாதத்து வார விடுப்பை விட்டுக்கொடுத்தேன். தினமும் மாலை இவர் பேனாவை எடுத்து ஒரு டிக் அடிப்பார். ஏழு டிக்.

படுக்கையை விரிக்கப் போனபோது கட்டில் மேல் ஒரு காகிதம் இருந்தது. ‘தயவுசெய்து உட்கார வேண்டாம். விற்பனையாளரை அழைக்கவும்.’ பெரியவளின் கையெழுத்து.

“என்னடா இது?”

“அப்பா தூங்குற கட்டில்ல இப்படித்தாம்மா இருக்கும்” என்றான் சின்னவன். இந்த முறை கிள்ளு தாமதமாகத்தான் வந்தது.

“எந்தக் கட்டில்?”

“ஆறாம் நம்பர் ரூம் கட்டில். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல, பெரிய கடை. அங்க எங்களுக்கு நிறைய வீடு இருக்கு!”

இவர் அதற்குள் வேலைக்குப் போயிருந்தார். நல்லவேளை. இருந்திருந்தால் தெருவே கூடியிருக்கும்.

மறுநாள் மதியம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுச் சலவைக்கூடத்திலிருந்து கிளம்பினேன். பஸ் முழுக்க வசனம் ஒத்திகை பார்த்தேன். ‘உங்களை நம்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்’ என்று தொடங்கி, எங்கள் கல்யாணத்தைப் பேசி முடித்தவர் வரைக்கும் ஒருவரையும் விடவில்லை.

“கிச்சனா, பெட்ரூமா மேடம்?” என்றார் பர்னிச்சர் கடையின் வாசல் காவலாளி.

“புருஷன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

மூன்றாவது மாடி முழுக்கப் பொய் வீடுகள். எண் போட்ட அறைகள், நாலாவது சுவர் மட்டும் கிடையாது. அட்டையில் செய்த டிவி. திறந்தால் தண்ணீர் வராத குழாய். அலமாரி நிறையப் புத்தகங்கள்; ஒன்றை உருவினால் உள்ளே வெற்றுப் பெட்டி. எனக்கு அந்தப் பெட்டியைத் தரையில் அடிக்கவேண்டும் போலிருந்தது. மதிய நேரம், ஈ காக்கை இல்லை.

கடைசி மூலையில் ஆறாம் எண். இவர் மல்லாந்து கிடந்தார், வாய் பிளந்து, விரல் இடுக்கில் நேற்றைய மாவோடு. காலணிக்கடியில் யாரோ செய்தித்தாள் விரித்திருந்தார்கள். தலைமாட்டில் சிவப்பு அட்டை தொங்கியது: ‘விற்றாயிற்று’.

பக்கத்து அறையில் பிள்ளைகள். பெரியவள் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“அதெல்லாம் எனக்குத் தெரியாது! லிஸ்ட்ல போட்டிருக்கு, போயிட்டு வரணும்! டயர்டா இருக்குன்னு எங்கிட்ட சொல்லாதீங்க, நான் மட்டும் என்ன மெத்தையிலயா கெடக்குறேன்?”

சின்னவன் அப்பாவாகத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

என் குரல். என் இடுப்புக் கைகூட அச்சு அசல். ஆத்திரம் இரண்டு மடங்கானது.

“போ, உங்கப்பாவை எழுப்பு.”

“ஷ்ஷ்!”

“எனக்கே ஷ்ஷா?”

“மெதுவா பேசும்மா.” அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். மூக்கு நுனி வியர்க்கவில்லை. “மொத நாள் நிஜமாவே மிருகக்காட்சி சாலைக்குப் போனோம். ஒட்டகச்சிவிங்கிகிட்ட போறதுக்கு முன்னாடியே அப்பா பெஞ்சுல தூங்கிட்டாரு. இவன் காணாமப் போயிட்டான். அரை மணி நேரம்மா. கரடிக் குழிக்குப் பக்கத்துல கெடச்சான். அப்பா அங்கேயே உக்காந்து அழுதாரு. உங்கம்மாகிட்ட சொல்லாதன்னாரு.”

“அதுக்கு வீட்டுலயே இருக்கவேண்டியதுதானே?”

“வீட்ல தூங்கினா இவன் ரோட்டுக்கு ஓடிடுவான்னு பயம். இங்க ஒரே வாசல்தான், வாட்ச்மேன் இருக்காரு. அதுவுமில்லாம, நீதான் வீட்ல இருக்கக் கூடாதுன்ன.”

ஒரு வாரமாக என் மகள் ஒரு அப்பாவையும் ஒரு தம்பியையும் காவல் காத்திருக்கிறாள். விடுமுறையாம். எனக்கு இவர்மேல் கோபம். இரவெல்லாம் மனுஷனை அடுப்பு வாயில் நிறுத்துகிறவர்கள்மேல் கோபம். ‘டயர்டா இருக்கு’ என்று இவர் சொன்ன நாளில் திரும்பிக்கூடப் பார்க்காமல் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்த அவள்மேல் கோபம். அவள் நான்தான், என்னை எங்கே போய் அடிப்பது?

“அந்தச் சிவப்பு அட்டை?”

“டிராயர்ல இருந்துச்சு. மாட்டிட்டா யாரும் உக்கார வரமாட்டாங்க.”

பின்னால் காலடிச் சத்தம். கழுத்தில் அளவு நாடா தொங்க விற்பனைப் பெண் நின்றாள். கண் கட்டிலையும் அட்டையையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தது.

“இதுதானா விஷயம்! ஒரு வாரமா வித்தாச்சுன்னு தொங்குது, யாரு வாங்கினதுன்னு எங்க யாருக்கும் தெரியல. ஆமா, இவரு யாரு மேடம்? தூங்குறதுக்கு இது என்ன சத்திரமா? இருங்க, சூப்பர்வைசரைக் கூட்டிட்டு வர்றேன். இனிமே வாசல்லயே நிறுத்தச் சொல்றேன்.”

அவள் படியிறங்கினாள். விடுமுறையில் இன்னும் ஏழு நாள் மிச்சம். இவர் புரண்டு படுத்தார், செய்தித்தாள் சரசரத்தது. சின்னவன் ஓடிப்போய் அதைக் காலடியில் இழுத்துவிட்டான், தினமும் செய்கிற வேலை போல.

கீழே இரண்டு பேர் பேசிக்கொண்டே ஏறி வருவது கேட்டது. பெரியவள் என் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

“அம்மா, இந்தக் கட்டிலை நீதான் வாங்கினன்னு சொல்லும்மா. அப்பா எந்திரிக்கிற வரைக்கும் மட்டும். சொல்றியாம்மா?”