தவிட்டுக்கு விற்ற பிள்ளை

மன்னார்க் கச்சேரியில் இங்கிலீசுத் துரைமார் இருந்த காலம். வங்காலைக் கோயில் விறாந்தையில் மதலேனாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தூணுக்கும் கதவுக்குமாக நடந்தாள். உள்ளே, பிரான்சு தேசத்துத் துருவே சுவாமி ஞானஸ்நானத்துக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். பேர்தான் இன்னும் முடிவாகவில்லை.

அவளுடைய முதல் பிள்ளைக்குச் சுவாமி ஈசாக்கு என்று பேர் வைத்தார். எபிரேய மொழியில் சிரிப்பு என்று அர்த்தமாம். பாவம், அது சிரிக்கப் பழகுமுன்பே காய்ச்சலில் போய்விட்டது. அடுத்தவன் சாமுவேல். கடவுளிடம் கேட்டு வாங்கியவன் என்றார். கொடுத்தவர் அடுத்த மாரிக்குள் திருப்பிக் கேட்டுவிட்டார். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா? மூன்றாவதைப் பிறந்த கையோடு சுளகில் கிடத்தி, நெல் கொண்டுவந்த உயிலங்குளத்துச் சிவபாக்கியத்திடம் ஒரு பிடி தவிட்டுக்கு விற்றாள். பிறகு, சிவபாக்கியத்தின் பிள்ளையை வளர்க்க எடுப்பதுபோலத் திரும்ப வாங்கிக்கொண்டாள். தவிட்டுக்குப் போன பிள்ளையைச் சாவு ஏறெடுத்தும் பாராது என்பது ஊர்க் கணக்கு. அன்றிலிருந்து அவன் தவிடன்.

"தவிடன் எண்டு ஞானஸ்நானம் குடுக்க ஏலாது பிள்ளை," என்றார், தண்ணீர்ச் செம்போடு வாசலுக்கு வந்த சுவாமி. "இது அஞ்ஞானியளின்ர பழக்கம்."

"அர்த்தமுள்ள பேர் ரெண்டையும் மண்ணுக்கை வைச்சிட்டன், சுவாமி. எனக்குப் பயமாக் கிடக்கு." அவளுக்குக் கோபமும் வந்தது. "உங்கட பேருக்கு என்ன அர்த்தம்?"

இதை அவரிடம் யாரும் கேட்டதில்லை. சுவாமி செம்பைக் கீழே வைத்தார்.

"துருவே எங்கட குடும்பப் பேர். கண்டெடுத்தது எண்டு அர்த்தம். என்ர பூட்டனைப் பிறந்த உடனை ஆரோ கோயில் வாசலிலை போட்டிட்டுப் போட்டினம். எடுத்தவை அப்பிடியே பேரா எழுதிப்போட்டினம்."

"அவர் தப்பினவரோ?"

"ஓம். கிழவனாகித்தான் செத்தவர்."

"பாத்தீங்களோ," என்றாள் மதலேனா.

சுவாமி தாடியைத் தடவினார். "மோயீசன் எண்டு வைப்பம். தண்ணியிலையிருந்து எடுத்தவன் எண்டு அர்த்தம். அவரையும் தாய் கூடையிலை வைச்சு ஆத்திலை விட்டவதான்."

சுளகுக்கும் கூடைக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று அவள் தலையாட்டினாள். ஆனாலும் பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். பேர் பெரிய பேரல்லவா.

தலையில் தண்ணீர் பட்டும் பிள்ளை அழவில்லை. அசையவுமில்லை. முந்திய இரண்டு குழிகளிலும் முதல் பிடி மண் போட்டவர் சுவாமிதானே. சற்றுமுன் வைத்த பேரை மறந்து, குனிந்து, பதறிக் கூப்பிட்டார்.

"தவிடா. எடேய் தவிடா."

பிள்ளை முகத்தைச் சுளித்து வீரிட்டது. அன்றைக்கு முதல் தடவையாக மதலேனா நிலத்தில் உட்கார்ந்தாள்.