மாட்டின் சம்மதம்

1

இந்தக் கதை பிறந்தது என் தம்பி வீட்டு மாட்டுக்கொட்டகையில். கௌரவமான இடமாகப் பார்த்து மாற்றிப் பார்த்தேன், ஒட்டவில்லை.

முதல் தொடக்கம்: "கல்விக்குப் பெயர்போன எங்கள் குடும்பத்தில்..." அடித்துவிட்டேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆளே தம்பி மகள்தான். (இதை அடைப்புக்குறிக்குள் மறைத்திருக்க வேண்டும்.)

மாட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

2

தாயில்லாத கன்று ஒன்றைத் தம்பி தன் மகளிடம் கொடுத்தான். "இது உன் படிப்புக்கு. வேற யாரும் தொடக்கூடாது."

யாரும் தொடவில்லை. சொன்ன சொல் தவறாத குடும்பம். (இது பெருமை, இருக்கட்டும்.) கன்று பசுவானது. பால் விற்றுப் பள்ளியை முடித்தாள். தொலைவில் ஒரு கல்லூரியில் இடமும், தங்க விடுதியும் கிடைத்தன. அப்போதுதான் தெரிந்தது, மாடு அவள் கைக்கு மட்டுமே கறக்கும் என்று. அவள் தாய் கறக்க உட்கார்ந்தாள், வாளி உருண்டது. தம்பி உட்கார்ந்தான், தம்பியே உருண்டான்.

விற்கலாமென்றால், அடுத்தவர் கைக்குக் கறக்காத மாட்டை யார் வாங்குவார்? பால் இல்லையென்றால் விடுதி இல்லை. அவள் விடுதிக்குப் போனால் பால் இல்லை. படிப்புக்கென்று வளர்த்த மாடே படிப்புக்குக் குறுக்கே நின்றது.

[பாக்கெட் பால் வாங்கும் வீட்டுப் பிள்ளைகள் மாட்டிடம் சம்மதம் கேட்டுக்கொண்டா கல்லூரிக்குப் போகிறார்கள்? கட்டுரைக்குரிய வரி. எடுக்க மனமில்லை.]

3

"நான் போகலப்பா என்று அவள் கண்ணீர்..." வேண்டாம். அவளுக்கு அந்தக் குணம் கிடையாது. புறப்படும் நாள் காலையில் அவள் சொன்னது இது:

"நான் போகத்தான் போறேன். என் நைட்டியப் போட்டுக்கிட்டுக் கறங்கப்பா. வாசனைக்கு ஏமாந்துடும்."

"உங்கப்பா மீசைய என்னடி பண்றது?" என்றாள் தாய்.

"துண்டக் கட்டி மூடும்மா."

தம்பி பூப்போட்ட நைட்டியில் வந்து நின்றான். "அண்ணே, சிரிக்காதீங்க."

"நான் எங்கடா சிரிச்சேன்? கதவச் சாத்து. தெருவுல ஆளு போகுது."

4

முடிவு ஒன்று: மாடு ஏமாந்தது, வாளி நிரம்பியது. (மாடு அவ்வளவு மட்டமல்ல.)

முடிவு இரண்டு: மகள் பையைக் கீழே வைத்தாள். (இதை நான் எழுத வேண்டியதில்லை. இந்தத் தெருவில் பல வீடுகளில் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது.)

நடந்தது இதுதான். மாடு நைட்டியை மோந்துவிட்டு அசையாமல் நின்றது. பால் பீச்சியது. சந்தோஷம் தாங்காமல் தம்பி, "வந்துடுச்சு!" என்று கத்தினான். குரல் காட்டிக்கொடுத்துவிட்டது. அடுத்த நொடி சாணத்தில் கிடந்தான்.

"வாயத் திறக்காத ஆளா இருந்தா கறந்துடலாம்," என்று மகள் என்னைப் பார்த்தாள். துவைத்த துணிகளுக்கு அடியிலிருந்து இன்னொரு நைட்டியை எடுத்து நீட்டினாள். "பெரியப்பா, நல்லது கெட்டதுக்கே நீங்க பேச மாட்டீங்க."

தெருமுனையில் பேருந்து ஹாரன் அடிக்கிறது. பை அவள் தோளில். நைட்டி என் கையில்.

இதற்கு மேல் குடும்ப விஷயம். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவளை முதலில் பேருந்தில் ஏற்றிவிட்டு எழுதுங்கள். நான் கொட்டகைக் கதவை உள்பக்கமாகச் சாத்திக்கொண்டேன்.